ரொட்டிக்கடை மருமகள்

ஈப்போ
5.3.1978

நல்லம்மா,

நீ அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று வாரம். கீழே கடையில் மாவு பிசைகிறார்கள். மாடியில் நம் அறை. வெறிச்சென்று.

அங்கே போனதும் உனக்கு வயிற்றுப்போக்கு நின்றதாக சீனி மச்சான் எழுதியிருந்தார். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "புருசன் வீட்டுல நோவு, பொறந்த வீட்டுல சொகம். என்னா சீக்குன்னு எனக்குத் தெரியும்லா," என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. கோபப்படாதே, கேட்கிறேன். நான் இல்லாததால்தான் தேறினாயா?

பஸ் டிரைவர் ராஜுவிடம் ஒரு தகரம் ரஸ்க் அனுப்புகிறேன். நானே சுட்டது. மெலிந்த உடம்புக்கு நல்லது.

அர்ச்சுனன்


பாகான் செராய்
20.3.1978

அன்புள்ள அத்தானுக்கு,

தகரம் கிடைத்தது. அண்ணி ஒன்று கேட்டாள். கொடுக்கவில்லை. பாலில் நனைத்து எல்லாம் நானே தின்றேன். உங்கள் கையை மோந்த மாதிரி.

மறுபடியும் வயிறு. மறுபடியும் கால் வீக்கம். அண்ணன் கேலி செய்கிறார்: "அவரு கடுதாசி வந்தா படுத்துக்கிற, வராட்டி நடமாடுற. இது காதலா, காலராவா?"

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை. நான் நடிக்கவும் இல்லை. ஆனால் இப்படியே இருந்தால் திரும்பி வந்து என்ன செய்வேன்? அத்தை உங்களுக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சு என் காதுக்கும் வந்தது.

நல்லம்மாள்


ஈப்போ
26.3.1978

நல்லம்மா,

அம்மா பேசுவாள். தாலி கட்ட வேண்டியவன் நான். கட்டமாட்டேன்.

இங்கே மூன்று டாக்டர் பார்த்தோம். பினாங்கில் ஒரு பஞ்சாபி டாக்டர் கெட்டிக்காரராம். மச்சானோடு போ. அதுவரை சோறு வேண்டாம், செரிக்காது. ரொட்டி மட்டும். இன்னொரு தகரம் வருகிறது.

அர்ச்சுனன்


பினாங்கு ஆஸ்பத்திரி
2.5.1978

அன்புள்ள அத்தானுக்கு,

சிரிக்காதீர்கள்.

டாக்டர் பெண். "என்ன சாப்பிடுகிறாய்?" என்றார் மலாய் மொழியில். "சாப்பிடுவதே இல்லை," என்றேன். ஈப்போ டாக்டர்களிடம் சொன்ன அதே பதில். இவர் விடவில்லை. "வாய்க்குள் ஒன்றுமே போகவில்லையா?"

"ரொட்டிதான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ரொட்டியை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்? அது காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது. அங்கே நான் நோயாளி, அதனால் ரொட்டி. பாகான் செராயில் அண்ணனுக்கு அரிசி ஆலையில் வேலை, மூன்று வேளையும் சோறு.

குழாயில் கட்டிய, மாத்திரை அளவு உலோகக் குப்பி ஒன்றை விழுங்கினேன். குடலில் துணுக்கு எடுத்தார்கள். நல்ல குடல் உள்ளே பூந்துவாலை மாதிரி இருக்குமாம். என்னுடையது வழுக்கை. சீலியாக் என்று பெயர். கோதுமை ஆகாத உடம்பு. மருந்து கிடையாது. கோதுமையும் பார்லியும் ஆயுசுக்கும் கூடாது, கோதுமை சேர்ந்த கீச்சாப் சோயா சாறுகூட. விட்டால் வழுக்கையில் திரும்ப முளைக்குமாம்.

நீங்கள் இல்லாததால் அல்ல அத்தான். ரொட்டி இல்லாததால்.

ஆனால் ரொட்டிக்கடை மாடியில் எப்படி வாழ்வேன்? மாவு காற்றில் அல்லவா இருக்கிறது.

நல்லம்மாள்


ஈப்போ
14.5.1978

நல்லம்மா,

வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அடுப்பின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். தகரம் தகரமாக அனுப்பியவன்.

கடையை விட்டுத் தள்ளி, புந்தோங் பக்கம் நமக்கு அறை பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "மருமவளுக்கு மாவு ஆகாதுன்னா மவனுக்கு ஆத்தாளும் ஆகாதா?" சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் அரிசி மாவில் ரொட்டி சுட்டாள். கல். அப்பா சுத்தியல் கேட்டார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இதத் தின்னா எம் மருமவ பல்லும் போயிரும். போடா, போயி அறையப் பாரு."

பார்த்துவிட்டேன். சின்னது. காற்று சுத்தம். வேலை முடிந்து கடையிலேயே குளித்து, சட்டை மாற்றி வருவேன்.

உடம்பைத் தேற்று. அவசரமில்லை. பொய், அவசரம்தான்.

அர்ச்சுனன்


பாகான் செராய்
9.8.1978

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரு ரவிக்கையிலும் கொக்கி மாட்டவில்லை. அண்ணி, "ஒரல் மாதிரி ஆயிட்டடி," என்கிறாள். கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான். எனக்குப் பிடித்திருக்கிறது.

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். நிலையத்துக்கு வாருங்கள். பெட்டியை நானே தூக்குவேன்.

எனக்கு இப்போது எந்நேரமும் பசி. நேராக அறைக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். நீங்கள் உலை வைத்ததே இல்லை, தெரியும். குழைந்தாலும் சரி. நிறைய வடியுங்கள்.

உங்கள்
நல்லம்மாள்