வீடியோவில் இல்லாத கேள்வி

செவ்வாய், இரவு

தூக்கம் வரல. கவிதா முகம்தான் கண்ணுல நிக்குது.

செமஸ்டர் முழுக்க கடைசி வரிசையில வாயே திறக்காத பொண்ணு. போன வாரம் ரெக்கார்ட் பண்ண வகுப்புல முதல் தடவையா கையைத் தூக்கிக் கேள்வி கேட்டா. அந்த வீடியோவை ஊருக்குப் போனப்ப, சிம்பாங் ரெங்கத்துல, அப்பாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கா. இன்னிக்குக் காலையில வந்து சொல்றா: "மிஸ், என் குரலே அதுல இல்ல. ‘எங்கேம்மா நீ பேசுன?’ன்னு அப்பா கேக்குறாரு."

ரெக்கார்டிங்ல ஏர்கான் இரைச்சலை எடுக்க ஒரு சாஃப்ட்வேர் வேணும்னு ஆபீஸ்ல சண்டை போட்டதே நான்தான். அது என் குரலைத் தவிர எல்லாத்தையும் இரைச்சல்னு துடைச்சிருக்கு. ஒரிஜினல் இருக்கான்னு டெக்னிஷியன் ரவியைக் கேட்டேன்.

"அலமாக், ஐயோ மிஸ், கிளீன் ஆனதும் அது தானா அழிஞ்சிரும் லா."

வீடியோவுல அவ கேள்வி கேட்ட இடத்தை இப்பவும் போட்டுப் பார்த்தேன். பேச்சை நிறுத்துறேன். சத்தமே இல்லாத பக்கம் பார்த்துத் தலையாட்டுறேன். "நல்ல கேள்வி"ங்கறேன். பைத்தியக்காரி மாதிரி இருக்கேன்.

இன்னிக்கு வகுப்பு முடியறப்ப, "யாருக்காவது கேள்வி இருக்கா?"ன்னு கேட்டேன். அவளைப் பார்த்துத்தான் கேட்டேன்.

கவிதா பையை மூடிட்டா.