அண்ணாந்து பார்க்கக் கூடாத கழுத்து

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? ஒரு நாள் வேலையைப் போட்டுவிட்டு வந்து எங்கள் ஸ்கேன் மெஷினுக்குள் படுத்துவிட்டுப் போனாயே, அதற்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை என்று உன் மனைவி குறைப்பட்டாளாம். இந்தா, சொல்லிவிட்டேன். ஆராய்ச்சிக்கு நோயில்லாத கழுத்துகள் வேண்டுமென்றால் நான் வேறு எங்கே போவேன்?

இப்போது எல்லாக் கழுத்தையும் கம்ப்யூட்டரில் போட்டு, தண்டுவடம் போகிற வழி எவ்வளவு அகலம் என்று எலும்புக்கு எலும்பு அளக்கிறேன். பெயரை எடுத்துவிட்டு வெறும் எண் போட்டுத்தான் தருவார்கள். அதில் ஒரு புண்ணியவான் வந்து மாட்டினான் பார், ஊசிக் காது மாதிரி வழி! எங்கள் சராசரியே கோணிக்கொண்டது. "இவனை எடுத்துடும்மா, கணக்கு கெடுது" என்றார் பெரிய டாக்டர். எடுத்தேன், சராசரி அழகாக உட்கார்ந்துவிட்டது. ஆளைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று கேட்டேன். பெயர்ப் பட்டியல் அவரிடம்தான் இருக்கிறது. "வலியே இல்லாதவனை எதுக்குப் பயமுறுத்தறே?" என்றார். அதுவும் சரிதான். ஆனால் அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு எந்நேரமும் அண்ணாந்து பார்த்தால் வினைதான். யார் பெற்ற பிள்ளையோ!

அன்புடன்,
அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நன்றியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். அண்ணாந்து பார்க்கக் கூடாத கழுத்தை இவளிடம் படித்துக் காட்டிச் சிரித்தேன். சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்கிறவன் குனிந்தா பிழைப்பான்?

ஒரு விஷயம். கொஞ்ச நாளாகக் கை சொன்ன பேச்சு கேட்பதில்லை. நேற்று பிரஷ் நழுவி, ஒரு வீட்டுக்காரம்மாவின் புது சோபாவில் வெள்ளையைக் கொட்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சட்டைப் பித்தானைக்கூட இவள்தான் போட்டுவிடுகிறாள். பிள்ளை பெற்ற பிறகு என்ன கொஞ்சல் என்று கேலி வேறு. நடந்தால் பஞ்சின்மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது. இங்கே டாக்டர் கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். எடுக்கட்டுமா? நீ சொன்னால் சரி.

தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

எதற்கெடுத்தாலும் ஸ்கேனா? எங்கள் மெஷினில் படுத்த கழுத்துடா அது. ஏதாவது இருந்திருந்தால் சொல்லாமல் விட்டிருப்போமா? தலையணை இல்லாமல் படு. சத்து மாத்திரை வாங்கிப் போடு. சோம்பேறிக்குச் சாக்குக் கிடைத்த கதையாக வேலையை விட்டுவிடாதே.

எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. முதல் தடவையாக என் பெயரும் வருகிறது. நான் பறக்காத குறைதான்.

அக்கா

ஜூன் 20

அக்கா,

நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். சாரத்திலிருந்து விழுந்தது உனக்குத் தெரியும். பெரிய உயரமில்லை. வேறு யாராவது என்றால் தூசி தட்டிக்கொண்டு எழுந்திருப்பான் என்றார் ஆபரேஷன் செய்தவர். நான் உங்கள் மெஷினில் படுத்ததைச் சொன்னேன். உங்கள் பெரிய டாக்டருக்கு எழுதிப் படத்தை வரவழைத்தார். கூடவே நீ அளந்த கணக்கும் வந்தது. அதே ஊசிக் காது. யார் பெற்ற பிள்ளையோ என்று எழுதினாயே, நம் அம்மா பெற்ற பிள்ளைதான்.

அளந்தபோது உனக்குப் பெயர் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கை வரவில்லை என்று நான் எழுதினேனே, அப்போதாவது அந்தப் பட்டியலைத் திறக்கச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லாமல் விட்டிருப்போமா என்று என்னையே கேட்டாய். விட்டதும் நீதானே. வயிறு எரிகிறது அக்கா.

ஜூலை 2

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். ஆனால் எல்லாவற்றையும் என் தலையிலேயே கட்டாதே. நான் அளக்கிறவள். யாரைச் சேர்ப்பது, யாரை எடுப்பது என்பதெல்லாம் பெரியவர் முடிவு. கட்டுரையும் வெளிவந்துவிட்டது, இனி மாற்ற முடியாதாம். உன்னைச் சேர்த்து நானே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரி மயிரிழைதான் குறைகிறது. அந்த மயிரிழைக்காகவா என்று அழுதேன்.

உன் மனைவியின் கையெழுத்தில் உன் கோபத்தைப் படிக்க என்னால் முடியவில்லை. திட்டுவதென்றாலும் சரி, உன் கையால் ஒரு வரி எழுது.

உன் அக்கா

ஜூலை 19

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் கையால் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். கை வந்ததும் எழுதுகிறேன். வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
சீலிங்குக்குப் பெயின்ட் அடித்தவன்