குடும்ப உறுப்பினர் அட்டை

ஜூன் 6

கல்லூரி நூலகர் அவர்களுக்கு,

வணக்கம். நமக்குள் இனி எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதனால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்து பென்சில் சீவுவதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். போகும்போது புத்தகம் திருப்பிப் போடும் பெட்டியில் போட்டுவிடுவேன். சிரிக்காதீர்கள்.

முதலில் நன்றி. நான் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கும் இசையமைப்பாளரின் கையெழுத்துத் தாள்களை வெளியாருக்குக் காட்டுவதில்லை, ஊழியர் குடும்பத்துக்கு மட்டும் அட்டை என்பது உங்கள் விதி. அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் என்னையும் குடும்பம் என்று சேர்த்து, ‘உறவு: மனைவி’ என்று போட்டுக் கொடுத்தீர்கள். விவாகரத்து மனுவில் நான் கையெழுத்துப் போடும்வரை அது பொய்யில்லைதானே.

இப்போது புகார். இசையமைப்பாளரின் தாலாட்டு ஒன்றை ஊரே முணுமுணுக்கிறது. அது எப்படி உருவானது என்பதுதான் என் புத்தகத்தின் முதல் அத்தியாயம். மெட்டு, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் இருக்கிறது, இரண்டாம் பெட்டி. வயலின் பகுதி ஒரு பெரிய தாளில், பதினாறாம் பெட்டியில். புல்லாங்குழல் சலவைக்கடை ரசீதில், முதல் பெட்டியில். மனிதர் கைக்கு அகப்பட்ட காகிதத்தில் எல்லாம் எழுதியிருக்கிறார், சரி. அவற்றைப் பாட்டு வாரியாக வைக்காமல், காகித அளவு வாரியாக அடுக்கிய புண்ணியவான் யார்?

அட்டை வைத்திருக்கும் வாசகி

ஜூன் 8

வாசகருக்கு,

அடுக்கியது நான். பெரிய தாளும் சிறிய தாளும் கலந்தால் ஓரம் மடங்கும், கிழியும். நான்கு வருட வேலை அது. வரிசையை மாற்ற வேண்டுமென்றால் நூலகக் குழுவுக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்.

பழைய தாள்களுக்குப் பக்கத்தில் பென்சில் மட்டுமே அனுமதி. நேற்று உன் கையில் பேனா இருந்தது.

ஜன்னலோர மேசையில் மத்தியானம் வெயில் அடிக்கும், உனக்குத் தலைவலி வரும். உள்பக்க மேசை காலியாகத்தான் இருக்கிறது.

நூலகர்

ஜூன் 20

நூலகர் அவர்களுக்கு,

விண்ணப்பம் இணைத்திருக்கிறேன். பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன், திருப்திதானே?

இன்று முழுவதும் ஒரு தபேலாப் பகுதியைத் தேடினேன். கடைசியில் அது சினிமா டிக்கெட் அளவுக்கு ஒரு துண்டில் இருந்தது. தேடும்போது நம் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்து பற்றிக்கொண்டு வந்தது. மிளகாய்த்தூள் டப்பாவும் ஷூ பாலிஷ் டப்பாவும் ஒரே உயரம் என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்த ஆள் நீங்கள். என் வீட்டில் என் சாமானை நான் தேடாத நாளே கிடையாது.

டப்பாவுக்காகவா ஒருத்தி வீட்டை விட்டு வருவாள் என்று அண்ணி கேட்கிறார். டப்பாவுக்காக வரவில்லை. தேடிச் சலித்து நான் தரையில் உட்கார்ந்து அழுத அன்றைக்கு, நீங்கள் வாசலில் நின்று, “எது எங்க இருக்கணும்னு எழுதிக் குடு, மாத்தி வெச்சிடறேன்”னு சொன்னீர்களே, அதற்காக வந்தேன். பக்கத்தில் வந்து உட்காரத் தோன்றவில்லை உங்களுக்கு.

அப்புறம் கோபத்தில் விவாகரத்து வேண்டும் என்று எழுதினேன். எழுத்தில் கேட்டுவிட்டேன் அல்லவா, மனு கைக்குக் கிடைத்த அன்றே உங்கள் இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டீர்கள். தேதிகூட அழகாகப் போட்டிருந்தீர்கள்.

பதினேழாம் பெட்டியின் மூடி இறுகிக்கொண்டிருக்கிறது. கவனியுங்கள்.

வாசகி

ஜூலை 2

வாசகருக்கு,

விண்ணப்பம் கிடைத்தது. இந்த மாதக் கூட்டத்தில் வைக்கிறேன். மூடியைச் சரிசெய்துவிட்டேன்.

நேற்று உன் அண்ணன் வந்திருந்தார். மனுவில் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டால், போட்டால் அட்டை போய்விடும், புத்தகம் பாதியில் நின்றுவிடும் என்று நீ சொல்கிறாயாம். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

நூலகர்

ஜூலை 3

நூலகர் அவர்களுக்கு,

என்ன விளங்கியது?

வாசகி

ஜூலை 16

அன்புள்ள உனக்கு,

இதை அலுவலகக் காகிதத்தில் எழுதவில்லை. வக்கீலிடம் காட்டவும் தேவையில்லை.

பெட்டிகளின் வரிசையை மாற்றக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. உனக்காக அரை மணி நேரம் வாதாடினேன். என் அடுக்கு தப்பு என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. தலைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆனால் இன்னொரு காரியம் முடிந்தது. வெளி ஆய்வாளர்களுக்கும் அட்டை தரலாம் என்று தீர்மானம் போட வைத்துவிட்டேன். முதல் அட்டை உன்னுடையது, இணைத்திருக்கிறேன். அதில் உறவு என்ற இடமே இல்லை. இனிமேல் ஒரு பெட்டியைத் திறப்பதற்காக நீ என் மனைவியாக இருக்க வேண்டியதில்லை. ஓர் அட்டையைக் காட்டி உன்னைப் பிடித்துவைத்திருக்கிறேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். உன் புத்தகம் நன்றாக வரும். நீ தாள்களைப் பார்த்து மெதுவாகப் பாடுவது கதவு வழியாகக் கேட்கிறது. மௌனம் காக்கவும் என்று பலகை இருந்தும் நான் ஒன்றும் சொன்னதில்லை.

நீ இல்லாத வீட்டில் எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறது. ஒன்றும் நன்றாக இல்லை.

நான்

ஜூலை 17

என்னங்க,

புது அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். உறைக்குள் இருக்கிறது, தேடுங்கள்.

நான் கேட்டது பெட்டி. நீங்கள் வாங்கி வந்தது என்ன? மனு வந்த நாளிலிருந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலே அண்ணன் அதைப் பற்றித்தான் கேட்பார். “அட்டை போயிடும்ணா, புஸ்தகம் முடியட்டும்”னு சொல்லி ஒவ்வொரு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது அந்த ஒரு சாக்குதான். குழுவைக் கூட்டி, வாதாடி, தீர்மானம் போட்டு அதையும் பிடுங்கிவிட்டீர்கள். இன்றைக்கு அண்ணன் கேட்டால் நான் என்ன சொல்வது? கையெழுத்துப் போட எனக்கு மனசில்லை என்று சொல்லவா? சொல்லத்தான் போகிறேன். வேறு வழி எங்கே வைத்தீர்கள்?

உங்களோடு மாரடிப்பதற்கு அந்த இசையமைப்பாளரின் கையெழுத்தோடு மாரடிப்பது எவ்வளவோ மேல். அவராவது ஓரத்தில் ‘இங்கே என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை’ என்று எழுதி வைக்கிறார்.

மிளகாய்த்தூள் விஷயத்தில் என் கோபம் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு மாற்றமும் இல்லை.

பெட்டிகளையும் நீங்கள் மாற்ற வேண்டாம். எந்தத் தாள் எந்தப் பெட்டியில் என்பது உங்களுக்கு மனப்பாடம். எந்தத் தாள் எந்தப் பாட்டுக்கு என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டால் போதும். ஆனால் அதற்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், வாயைத் திறந்து பேச வேண்டும். எத்தனை மாதம் பிடிக்குமோ தெரியாது.

இதற்கு விண்ணப்பம் எல்லாம் தரமாட்டேன், பதிலும் எழுதாதீர்கள். கதவைத் திறந்துகொண்டு வாருங்கள். உள்பக்க மேசையில் இருக்கிறேன். நாற்காலி இன்னொன்று கொண்டுவர வேண்டியிருக்கும்.

பழைய அட்டையில் உள்ளபடி,
உங்கள் மனைவி