வேலிக்கு மேலால் போன வயர்

முல்லைத்தீவு
14.08.2024

அன்புள்ள சுமி,

நீ இஞ்சினியராய் இருக்கிற திட்டத்தாலதான் எங்கட மீன்கடைக்கு சோலரும் பற்றரியும் வந்தது எண்டு என்ர மனுசன் மஸாஹிர் ஊரெல்லாம் சொல்லித் திரியிறார். இப்ப கரண்ட் போனாலும் பிறீசர் நிக்கிறேல்லை. போன கிழமை வாங்கின பாரை மீன் இன்னும் கல்லு மாதிரி.

இன்னொரு கதை. பக்கத்து வீட்டு நல்லதம்பி அண்ணைக்கு ஒட்சிசன் மெஷினாலதான் மூச்சு. கரண்ட் போனால் வேலிக்கு மேலால ஒரு வயர் குடுக்கிறன். தொண்ணூறில முஸ்லிம் சனம் எண்டு எங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது வாப்பா வீட்டு உறுதிப் பத்திரத்தை அவரிட்டத்தான் குடுத்தவர். இடம்பெயர்ந்த இடமெல்லாம் காவித் திரிஞ்சு, நாங்கள் திரும்பி வரத் தந்தார். "ஒரு மூலை நனைஞ்சுபோச்சு பிள்ளை, கோவிக்காதேங்கோ" எண்டார்.

உனக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்ல?

ஸுஹறா

கிளிநொச்சி
02.09.2024

அன்புள்ள ஸுஹறாவுக்கு,

பாரை மீன் கதையை நான் முழுதாக நம்பவில்லை. நீ பிறீசர் கதவை ஒழுங்காகச் சாத்துகிறவள் அல்ல.

அந்த வயர் விடயம் சரியில்லை. பற்றரி கடையின் அளவுக்கு மட்டும் கணக்கிட்டது; வெளியே கொடுப்பது ஒப்பந்தத்துக்கு மாறு. தீவுப் பக்கத்தில் ஒருவர் கோயில் திருவிழாவுக்கு இழுத்துக் கொடுத்து, பற்றரி ஒரு வருடத்தில் செத்தது. அண்ணைக்கு வேறு ஒழுங்கு செய்யச் சொல். காலாண்டு அறிக்கை என் கையால்தான் போகிறது.

அன்புடன்,
சுமித்திரா

முல்லைத்தீவு
05.10.2024

சுமி,

நேற்று இரண்டு பேர் வந்து பற்றரியைக் கழற்றிக்கொண்டு போட்டினம். வேற கடைக்காம். உன்ர அறிக்கையைக் காட்டிச்சினம். "பயனாளியே எழுத்தில் தெரிவித்தது" எண்டு இருந்தது. நான் ஆருக்கும் எழுதேல்லை, உனக்குத்தான் எழுதினனான்.

நல்லதம்பி அண்ணை "பறவாயில்லை பிள்ளை, இப்ப கரண்ட் போறது குறைவுதானே" எண்டு சிரிச்சார். சிரிக்க இருமல் வந்திட்டுது.

மழைக்கு முதல் திருப்பி எடுத்துத் தருவியோ?

ஸுஹறா

கிளிநொச்சி
21.10.2024

அன்புள்ள ஸுஹறாவுக்கு,

தெரிந்ததை மறைத்து என்னால் கையெழுத்து வைக்க முடியாது. அது உனக்குத் தெரியும். மருத்துவத் தேவை என்று மேன்முறையீடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தை மாதக் கூட்டத்தில் எடுப்பார்கள். அதுவரை பொறுத்திரு.

சுமித்திரா

முல்லைத்தீவு
09.12.2024

சுமி,

கார்த்திகை மழையில மரம் விழுந்து மூண்டு நாள் கரண்ட் இல்லை. ரோட்டெல்லாம் வெள்ளம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. இரண்டாம் நாள் நல்லதம்பி அண்ணை போயிட்டார். செத்தவீட்டுக்கு மஸாஹிர்தான் கொட்டில் போட்டார்.

நீ உள்ளதை எழுதினாய். நானும் உள்ளதைத்தான் எழுதினனான். புத்தளம் முகாமில இருந்து உனக்கு எழுதத் தொடங்கின நாள் முதல், எதை எழுதலாம், எதை விடலாம் எண்டு ஒருநாளும் யோசிச்சதில்லை. இண்டைக்கு யோசிச்சு நாலு தாள் கிழிச்சிட்டன். அதால இதோட நிப்பாட்டுறன்.

ஸுஹறா

கிளிநொச்சி
24.01.2025

அன்புள்ள ஸுஹறாவுக்கு,

மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பற்றரி வரும். கடைக்கு வெளியே ஓர் இணைப்புக்கு அனுமதி உண்டு. பெயர்: நல்லதம்பி. கூட்டத்தில் அதை வாசித்தபோது, ஆள் இல்லை என்று நான் சொல்லவில்லை. உள்ளதை எழுதுகிறவள், முதல்முறையாக மறைத்தேன்.

பதில் எழுதாவிட்டாலும் பறவாயில்லை. பிறீசர் கதவை ஒழுங்காகச் சாத்து.

சுமி