தாய்மாமன் மடியில் எடுத்த படம்

2025 அக்டோபர் 6, திங்கள்

நைட் டியூட்டி முடிந்து வெளியே வந்தால் கேட்டில் செக்யூரிட்டி சிவகுமார் அண்ணன் வழக்கம்போல, "சிஸ்டர், நிம்ம யஜமான்ரு பந்திதாரெ" என்கிறார். உங்கள் வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்று. யஜமான்ரு பைக்கை அணைக்காமலே நிற்கிறார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். இன்னும் என்னைக் கூட்டிப்போக வராமல் இருந்ததில்லை. அதற்கப்புறம்தான் மோட்டார் காயில் கட்டும் கடையைத் திறப்பார். ரோட்டில் தசரா விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மாமா முதுகில் சாய்ந்து பாதித் தூக்கத்திலேயே விஜயநகர் வந்து சேர்ந்தேன்.

மதியம் எழுந்து போனைப் பார்த்தால் — வந்துவிட்டது. இங்கிலாந்து ஆஸ்பத்திரியின் ஸ்பான்சர் சான்றிதழ். நர்ஸ் வேலை என்பதால் மாமாவும் மகள் ப்ரியாவும் கூடவே வரலாம். என்னோடு வார்டில் இருக்கும் மகேஸ்வரி, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு முயன்றாள். குடும்பத்தைக் கூட்டி வரக்கூடாது என்று முதலில் சொன்னார்கள். இந்த ஜூலையில் வெளிநாட்டு ஆட்களுக்கு அந்த வழியையே மூடிவிட்டார்கள். நாளைக்கு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

மாமாவுக்கு போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம்தான் கேட்டது. மனுஷன் அழுகிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அக்டோபர் 11, சனி

சுரேந்தர் ஆபீஸுக்குப் போனோம். விசா பேப்பரெல்லாம் பார்த்துக்கொடுப்பவர். ஜெயலட்சுமிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். வேலைக்குப் போவது நான். என் கணவர் என்ற முறையில் மாமா, எங்கள் பிள்ளை என்ற முறையில் ப்ரியா.

"நெஜமாவே புருஷன் பொண்டாட்டின்னு அவங்களுக்கு நம்பிக்கை வரணும் மேடம். போட்டோ வைங்க. எவ்வளவு பழசோ அவ்வளவு ஸ்ட்ராங். கீழ யாரு, எங்கன்னு எழுதிடுங்க."

பழைய போட்டோவா? எங்களிடமா கேட்கிறார்!

பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கினோம். மாதேஸ்வரன் மலையில் எனக்கு மொட்டையடித்துக் காது குத்திய படம் கிடைத்தது. எனக்கு ஒரு வயது. சந்தனம் பூசிய மண்டை, வாயெல்லாம் அழுகை. என்னை மடியில் வைத்திருக்கும் தாய்மாமனுக்குப் பத்து வயது. பெரியவர்கள் கட்டிவிட்ட வேட்டி, தலையில் துண்டு, நான் எங்கே நழுவிவிடுவேனோ என்ற பயம். அந்தப் பையன்தான் இன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் அவருக்கு நான் 'பாப்பா'. தாலி கட்டிய நாளிலிருந்து 'வினி'.

"அப்பா அம்மச்சிக்குத் தம்பின்னா எனக்குத் தாத்தாதானே" என்று ப்ரியா ஆரம்பித்தாள். வீட்டில் பழைய கிண்டல் இது.

"ஆமா சாமி. தாத்தாவுக்குத் தண்ணி கொண்டா" என்றார் மாமா.

படத்துக்குக் கீழே நான்தான் எழுதினேன். என் இங்கிலீஷ் மேல் எனக்கு எப்போதுமே ஒரு கர்வம் உண்டு. 'ஒரு வயதில் என் கணவரின் மடியில் நான். இவர் என் அம்மாவின் தம்பி.' இதைவிடப் பழைய பழக்கத்தை எவள் காட்டிவிடுவாள்?

அக்டோபர் 29, புதன்

பெங்களூர் போய்க் கைரேகை கொடுத்தாயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் ப்ரியா கேட்டாள்: "அங்கே கன்னட மிஸ் இருப்பாங்களா?" பாவம். கிளாஸ் முழுக்கச் சொல்லிவிட்டாளாம்.

நவம்பர் 24, திங்கள்

எனக்கு விசா வந்துவிட்டது.

மாமாவுக்கு இல்லை. ப்ரியாவுக்கும் இல்லை.

திரும்பத் திரும்பப் படித்தேன். மாமாவும் நானும் அவர்கள் நாட்டில் கல்யாணம் செய்துகொள்ள முடியாத அளவுக்கு நெருங்கிய உறவாம். அதனால் மனைவியோடு வரும் கணவர் என்று அவரை ஏற்க முடியாதாம். தாய் தகப்பன் இருவரும் வராததால் பிள்ளைக்கும் கிடையாதாம். ஆதாரம் — நாங்கள் வைத்த படம். நான் எழுதிய வரி.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை இங்கிலீஷில் கத்தியது.

மாமாவுக்குப் படித்துச் சொல்லும்போது அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன். "விட்டத படி வினி" என்றார்.

நவம்பர் 25, செவ்வாய்

சுரேந்தர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நானே அத்தை பொண்ணத்தான் மேடம் கட்டியிருக்கேன். எனக்கே தோணல பாருங்க. அத்தை பொண்ணு, மாமன் பொண்ணு அங்க செல்லும். அக்கா பொண்ணுதான் ஆகாதாம். இங்க வழக்கம்னு சட்டமே ஒத்துக்கிட்டிருக்கு..."

திரும்ப எழுதிக் கேட்கலாமா என்றேன். உறவு மாறினால்தானே மேடம் பதில் மாறும் என்றார். அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. இந்த ஊரில் அந்தப் படத்தை யாரிடம் காட்டியிருந்தாலும் 'அடடா' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

கொள்ளேகால் போய் அம்மாவிடம் சொன்னேன். என் அம்மா சித்தம்மாவா கொக்கா!

"எந்தூருச் சட்டம் அது? என்ற தம்பி மடியில வெச்சுக் காது குத்துனேன், என்ற தம்பிக்கே குடுத்தேன். கண்ணு காணாத எடத்துல குடுத்திருந்தா ஏத்துக்குவாங்களாமா? முறை தெரியாத சனம்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா சிரிக்கவில்லை. வந்ததிலிருந்து அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், பசியில்லை என்று வாசலில் போய் நின்றுகொண்டார்.

டிசம்பர் 4, வியாழன்

வார்டில் புதிதாக ஒரு குழந்தை. தாயிடம் விவரம் கேட்டு எழுத வேண்டும். 'சொந்தத்தில் கல்யாணமா?' என்ற கேள்வியை இதுவரை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். ரத்த வகை கேட்பதுபோல. இன்றைக்குப் படிவத்தை மகேஸ்வரியிடம் நீட்டிவிட்டேன். அவள்தான் கேட்டு எழுதினாள்.

ப்ரியா வயிற்றில் இருந்தபோது ஸ்கேன் டாக்டர் எங்களிடம் இதைத்தான் கேட்டார். "சொந்த அக்கா மகதாங்க" என்று மாமா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பரிசு வாங்கியவர் மாதிரி. வெளியே வந்து நான் கேலி செய்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

சுரேந்தர் போன் செய்து ஒரு வழி சொன்னாராம். என்னிடம் சொல்லப் பயந்து மாமாவிடம் சொல்லியிருக்கிறார். காகிதத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டு, பிள்ளைக்கு முழுப் பொறுப்பு தாய்தான் என்று கோர்ட்டில் எழுதி வாங்கினால், கொஞ்ச நாளில் ப்ரியாவையாவது கூப்பிட்டுக்கொள்ளலாமாம்.

நான் சண்டைக்குப் போவதற்குள் மாமா, "ஒரு கையெழுத்துத்தான வினி. புள்ள அங்க படிச்சா நல்லா வருவா" என்றார்.

"என்ன விடறதுக்கு ஒங்களுக்கு ஒரு கையெழுத்து போதுமா?"

"என்னாலதான உங்க ரெண்டு பேரு வழியும் அடைபட்டுப் போச்சு. அன்னைக்கே அக்காகிட்ட, புள்ளைக்கு வெளிய மாப்பிள்ளை பாருன்னு சொல்லியிருக்கோணும்." அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ இஷ்டப்பட்டுத்தான சம்மதிச்ச?"

"என்ன எப்ப, யாரு கேட்டீங்க? படிப்பு முடிஞ்சுது, தேதி குறிச்சீங்க!"

ஏன் சொன்னேன்? பொய்யில்லைதான். யாரும் கேட்கவில்லை. மாமனுக்குத்தான் என்பது எனக்குக் காது குத்தும்போதே முடிவான விஷயம். விடியுமா என்று யாராவது கேட்பார்களா? ஆனால் அது அன்றைய கதை. நான் படிக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர். எனக்குக் காய்ச்சல் என்றால் தானும் சாப்பிடாதவர். இன்றைக்குக் கேட்டால் நூறு தடவை ஆமாம் என்பேன். இதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு.

டிசம்பர் 10, புதன்

"அன்னைக்குக் கோவத்துல சொல்லிட்டேன் மாமா."

"கோவத்துலதான் வினி நெசம் வரும்." கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 21, ஞாயிறு

முதுகுவலி என்று ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார். நான் நர்ஸ். முதுகுவலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

2026 ஜனவரி 16, வெள்ளி

பிப்ரவரி முதல் வாரத்தில் வேலையில் சேர வேண்டும். "நீ போ, ப்ரியாவ நான் பாத்துக்கறேன்" என்று தினமும் சொல்கிறார். போனால் என்ன என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. இந்த வேலைக்கான பரீட்சைக்கு எத்தனை நாள் தூக்கத்தை விட்டுப் படித்தேன்!

ஆனால் போனால் அவர் நினைப்பது உறுதியாகிவிடும். விடுதலை கிடைத்தது, ஓடிவிட்டாள் என்று. வர இயலவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டுவிட்டேன். அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். இதற்கு மேல் எந்தப் பெண்ணும் எப்படிச் சொல்வாள்?

கடைக்கே போய் அவரிடம் சொன்னேன். காயில் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"எனக்காவவா?"

"நமக்காவ மாமா."

"உன்ற வாழ்க்கையில ரெண்டாந்தடவ மண்ணள்ளிப் போட்டுட்டேன்" என்றார். திரும்பவும் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

பிப்ரவரி 2, திங்கள்

இன்றைக்கு அங்கே சேர்ந்திருக்க வேண்டியது. இங்கே டே டியூட்டி.

பிப்ரவரி 22, ஞாயிறு

ப்ரியா பழைய கிண்டலை எடுத்தாள். "தாத்தா, தண்ணி வேணுமா?"

"அப்படிச் சொல்லாத!" என்று அதட்டினார். அவளை அதட்டி நான் பார்த்ததே இல்லை. குழந்தை மிரண்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, நாம ஏதாச்சும் தப்பு பண்ணினோமா?"

இல்லை என்றேன். சத்தமாகவே சொன்னேன், ஹாலில் இருப்பவருக்குக் கேட்கட்டும் என்று.

மார்ச் 15, ஞாயிறு

அம்மா வந்திருக்கிறாள். குடும்பம் பிரியாமல் தப்பித்தது, மாதேஸ்வரனுக்கு ஒரு பொங்கல் வைக்க வேண்டும் என்கிறாள். நானும் தலையாட்டினேன். பெற்றவளிடம் எதைச் சொல்வது? அவள் கட்டி வைத்த கல்யாணம்.

ஏப்ரல் 13, திங்கள்

நைட் டியூட்டி முடிந்தது. சிவகுமார் அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டார். கேட்டில் தொட்டையன் என்று புது ஆள், பைக்கை உள்ளே விடவில்லை. நான் படியிறங்கி வரும்போது மாமாவை விசாரித்துக்கொண்டிருந்தார்: "சிஸ்டர்கெ நீவு ஏனாகபேகு?" சிஸ்டருக்கு நீங்கள் என்ன உறவு?

மாமா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மனசுக்குள் மன்றாடினேன் என்றே சொல்லலாம்.

"அவ்ர தாயிய தம்ம" என்றார்.

அவள் அம்மாவின் தம்பி. அவ்வளவுதான் சொன்னார். பொய் ஒன்றுமில்லை. தொட்டையன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

ஏறி உட்கார்ந்தேன். கை வழக்கம்போல அவர் தோளுக்குப் போனது. பாதியில் நின்று, சீட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ப்ரியாவுக்கு நோட்டுக்கு அட்டை போடும் பேப்பர் வாங்க வேண்டும் என்றேன்.

"வாங்கிக்கலாம் பாப்பா" என்றார்.