படிக்காமல் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரத்தை எதிர்த்து

அனுப்புநர்:
அச்சகப் பிழைதிருத்துநர் (வயது 47),
காலஞ்சென்ற பள்ளி எழுத்தரின் மூத்த மகள்,
14, தண்ணீர்த்தொட்டித் தெரு, வீட்டின் பின்பகுதி.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
இலவச சட்ட உதவி மையம்.

பொருள்: தந்தையின் வீட்டில் எனக்குரிய பாதிப் பங்கு கிடைக்காமல் போனது – வரும் பதினெட்டாம் தேதி நடக்கவிருக்கும் விற்பனையைத் தடுக்க வழக்கறிஞர் அமர்த்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. என் தந்தைக்கு நானும் என் தம்பியும் மட்டுமே வாரிசுகள். தாய் முன்பே இறந்துவிட்டார். கடைசி ஏழு ஆண்டுகள் தந்தை படுக்கையில் இருந்தார். தம்பிக்கு வெளியூரில் வேலை. நான் அச்சகத்துக்கும் வீட்டுக்குமாக ஓடினேன். அதை இங்கே குறையாகச் சொல்லவில்லை. உயில் பேச்சு எழும்போதெல்லாம் தந்தை, "எதுக்கு உயிலு? இருக்கறது ரெண்டு பேரு, ஆளுக்குப் பாதி" என்று முடித்துவிடுவார்.

2. அவர் இறந்த மூன்றாம் வாரம் தம்பி வந்தான். "அக்கா, வீட்டுவரியில பேர் மாத்தணும். ஒரு கையெழுத்து போட்டுட்டு வந்துடலாம்" என்று பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றான். அங்கிருந்த எழுத்தர், "படிச்சுப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "பாத்தாச்சு" என்றேன். பார்க்கவில்லை. பிறர் எழுதியதை ஒற்றெழுத்து விடாமல் படிப்பதற்காகவே இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனால் தம்பி பக்கத்தில் நிற்கும்போது அந்தத் தாளை எடுத்துப் படித்தால், அவனை நம்பவில்லை என்றாகிவிடுமே என்று கூசினேன்.

3. சென்ற மாதம் ஒருவர் அளவு நாடாவுடன் வந்து என் சமையலறை ஜன்னலை அளந்தார். வீடு மாறி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அவரோ என்னை வாடகைக்குக் குடியிருப்பவள் என்று எண்ணி, "நீங்க எப்பம்மா காலி பண்றீங்க?" என்று மரியாதையாகவே கேட்டார். தம்பிக்குத் தொலைபேசியில் பேசினேன். "நீதானக்கா எழுதிக் குடுத்த. யாரும் உன் கையைப் புடிச்சு இழுக்கலையே" என்றான். வரும் பதினெட்டாம் தேதி கிரயப் பதிவு என்பதையும் அவனே சொன்னான்.

4. நகல் வாங்கினேன். என் பங்கு முழுவதையும் "அன்பினாலும் பாசத்தினாலும் மனமுவந்து" தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம் அது. மூன்று முறை படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

5. காவல் நிலையத்தில் இது சொத்துத் தகராறு, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றனர். பதிவு அலுவலகத்தில், பதிந்ததை நாங்கள் ரத்து செய்ய முடியாது, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றனர். நீதிமன்ற வாசலில் மனு எழுதுபவர், "கையெழுத்தே உங்களது இல்லைன்னு எழுதிடுவோம், கேஸ் நிக்கும்" என்றார். கையெழுத்து என்னுடையதுதான். பொய்யின் மேல் என் பங்கை வாங்க மனம் ஒப்பவில்லை. அதனால் அவரிடம் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து நானே எழுதுகிறேன்.

6. இதை எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்து வாசலுக்குப் போய்வந்தேன். தெருவில் எந்த வண்டி நின்றாலும் வீட்டைப் பார்க்க வந்தவர்களோ என்று எட்டிப் பார்க்கிறேன். அச்சகத்தில் ஒரே பக்கத்தை இரண்டு தடவை திருத்தி, அடுத்த பக்கத்தைப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன்.

7. ஆகவே, பதினெட்டாம் தேதிக்கு முன் வீட்டு விற்பனைக்கு இடைக்காலத் தடை பெறவும், சொன்னது ஒன்று எழுதியது ஒன்றாக வாங்கிய பத்திரத்தை ரத்து செய்து பாகப்பிரிவினை கோரவும் வழக்கறிஞர் ஒருவரை உடனே அமர்த்தித் தருமாறு பணிந்து வேண்டுகிறேன். பாதிக்கு மேல் ஒரு செங்கல்லும் எனக்கு வேண்டாம்.

8. தம்பிக்கு அறிவிப்பு அனுப்பும்போது அவன் அலுவலக முகவரிக்கு அனுப்பாமல் வீட்டு முகவரிக்கே அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் முன் அவன் தலைகுனிந்து நிற்க வேண்டாம்.

நாள்: 11, திங்கட்கிழமை
இடம்: மேற்படி வீடு

இப்படிக்கு,
(கையெழுத்து)
மனுதாரர்

இணைப்பு: விடுதலைப் பத்திர நகல், தந்தையின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று.