போத்தலில் ஊதிய மூச்சு

14.2.1979, புதன்.

போன மாதம், இந்த ஊர் மருத்துவிச்சியாக நான் பார்த்த பிரசவமொன்றில், மூச்சில்லாமல் பிறந்த குழந்தையின் வாயையும் மூக்கையும் என் வாயால் மூடி, கன்னத்துக் காற்றை மட்டும் மெல்ல ஊதினேன். குழந்தை அழுதது. நான் ஏதோ ஓதி ஊதியதாக ஊர் முடிவு கட்டிவிட்டது.

இன்று காலை பல்கீஸ், காய்ச்சலும் மூச்சிழுப்புமாக இருந்த மகனோடு ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டு வந்தாள்.

“இதில ஒருக்கா ஊதித் தாங்க, மிஸ்ஸி.”

“எனக்கு ஓதிப் பார்க்கத் தெரியா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

“நீங்க ஊதினாத்தான் போவன்.”

பிள்ளையின் விலா உள்ளே ஒட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போதுமென்று ஊதிக் கொடுத்தேன்.

மாலையில் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே கரண்டியால் அந்தத் தண்ணீரைப் பருக்கிக்கொண்டிருந்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

பிள்ளையின் இழுப்பு உண்மையிலேயே குறைந்திருந்தது.

நாளைக்கு எத்தனை போத்தல் வருமோ.